ஹம்ப் வழியில் விழுந்த விமானங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திப்ருகரில் சில வருடம் வேலை பார்த்தவன் என்பதால், அருணாச்சல் மலைகளில் கிடக்கும் இரண்டாம் உலகப் போர் விமானங்களைப் பற்றி என்னிடம் கேட்காத ஆளில்லை. சொந்தக்காரர்கள், நண்பர்கள், பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டபோது பிள்ளைகள் என்று யார் கேட்டாலும் சுற்றிச்சுற்றி அதே சந்தேகங்கள்தான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் சேர்த்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை.

அருணாச்சல்ல எதுக்கு அமெரிக்கா பிளேன் விழுந்துச்சு? அங்க சண்டையே நடக்கலையே?

சண்டைக்குப் போன விமானங்கள் இல்லை இவை. பெரும்பாலும் சரக்கு ஏற்றிப் போனவை. 1942க்கு முன்பே சீனாவின் முக்கியத் துறைமுகங்கள் ஜப்பான் கைக்குப் போய்விட்டன. வெளியிலிருந்து சீனாவுக்குச் சாமான் போக மிச்சமிருந்த பெரிய வழி பர்மா வழிதான். கப்பலில் வந்ததை ரங்கூனில் இறக்கி, ரயிலில் லாஷியோ வரை கொண்டுபோய், அங்கிருந்து பர்மா சாலையில் லாரி லாரியாக அனுப்பினார்கள். 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது, ஏப்ரல் கடைசியில் லாஷியோவும் விழுந்தது. அதோடு அந்த வழியும் அடைபட்டது.

சீனா பணிந்துவிட்டால் அங்கே மாட்டிக்கொண்டிருக்கும் ஜப்பானியப் படை மொத்தமும் வேறு பக்கம் திரும்பிவிடும் என்பது அமெரிக்காவின் கவலை. சரி, தரை வழி இல்லையென்றால் ஆகாய வழி என்று முடிவு செய்தார்கள். அஸ்ஸாமிலிருந்து யுன்னானில் உள்ள குன்மிங்குக்குச் சுமார் 800 கிலோமீட்டர். 1942 ஏப்ரலில் தொடங்கி 1945 நவம்பர் வரை இந்தப் போக்குவரத்து நடந்தது. நடுவே குறுக்கே நிற்கும் இமயமலையின் கிழக்குக் கோடிக்கு விமானிகள் வைத்த பட்டப்பெயர் ஹம்ப். மாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் இருக்கும் திமில்தான் அது.

எந்தெந்த ஊர்ல இருந்து கிளம்பினாங்க? அந்த ஏர்போர்ட்டெல்லாம் இப்ப இருக்கா?

சபுவா, தின்ஜான், சூகேரேட்டிங், மோகன்பாரி, ஜோர்ஹாட், தேஜ்பூர் இவையெல்லாம் முக்கியமானவை. பெரும்பாலும் மேல் அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய ஊர்கள். பல இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. திப்ருகருக்கு விமானத்தில் போனால் நீங்கள் இறங்குவது மோகன்பாரியில்தான். சபுவாவும் தேஜ்பூரும் நம் விமானப்படைத் தளங்கள்.

மொத்தம் எத்தனை விழுந்துச்சு? ஒருத்தர் 500ங்கிறார், இன்னொருத்தர் 700ங்கிறார்.

எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். சரக்கு விமானங்கள் மட்டுமா, அதே மலையைத் தாண்டிப் போன குண்டுவீச்சு விமானங்களும் சேர்த்தா? அமெரிக்க ராணுவம் மட்டுமா, சீன தேசிய விமானக் கழகம் என்ற பயணிகள் கம்பெனி ஓட்டியதும் உண்டா? ஓடுபாதையிலேயே நொறுங்கியது கணக்கில் வருமா? பரவலாகச் சொல்லப்படுவது சுமார் 600 விமானங்கள். இறந்தவர்கள் 1,314 பேர், காணாமல் போனவர்கள் 345 பேர், ஆக 1,659. இன்னொரு 1,200 பேர் மீட்கப்பட்டோ தாங்களாக நடந்தோ உயிரோடு திரும்பினார்கள். இந்தக் கடைசி எண்ணிக்கையைப் பெரும்பாலோர் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த சரக்கு சுமார் 6,50,000 டன். 1945 ஜூலையில் மட்டும் 71,000 டன் போனது. ஆரம்ப மாதங்களில் போனதோடு ஒப்பிட்டால் நம்பவே முடியாத வளர்ச்சி அது.

இந்த விமானங்கள் எல்லாமே அருணாச்சலில் விழவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அஸ்ஸாம், நாகாலாந்து, வட மியான்மர், யுன்னான் எல்லாப் பக்கமும் சிதறிக் கிடக்கின்றன. வானம் தெளிவாக இருந்த நாளில் கீழே மின்னும் சிதைவுகளை அடையாளமாக வைத்தே வழி பிடிக்கலாம் என்று விமானிகள் கறுப்பு நகைச்சுவையாகச் சொல்வதுண்டு. அந்த வழிக்கு ‘அலுமினியப் பாதை’ என்று இன்னொரு பெயரும் வைத்திருந்தார்கள்.

ஜப்பான்காரன் சுட்டுத்தானே விழுந்துச்சு?

சில விழுந்தன. வட பர்மாவின் மிட்சினாவில் ஜப்பானியப் போர் விமானங்கள் இருந்தன. 1943 அக்டோபரில் அவை ஹம்ப் விமானங்களைத் தேடி வேட்டையாடின. ஆயுதமில்லாத சரக்கு விமானத்துக்கு ஓடி ஒளிவதைத் தவிர வழியில்லை, மேகத்துக்குள் புகுந்துகொள்வார்கள்.

ஆனால் மொத்தத்தில் பார்த்தால் எதிரி கொன்றதைவிட வானிலையும் இயந்திரக் கோளாறும் களைப்பும் கொன்றதுதான் மிக அதிகம். ஜப்பான் செய்த பெரிய கெடுதல் மறைமுகமானது. மிட்சினாவுக்குப் பயந்து விமானங்கள் வடக்கே தள்ளி, இன்னும் உயரமான மலைகளுக்கு மேலே போகவேண்டி வந்தது. 1944 மே 17 அன்று மிட்சினா விமானதளத்தை நேசப்படைகள் பிடித்தன. அப்புறம்தான் தெற்கே தாழ்வான பாதை திறந்தது.

அப்ப ஓட்டத் தெரியாதவங்க ஓட்டினாங்களா? ஏன் இவ்வளவு விழணும்?

இந்தக் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. வந்த பையன்களில் பலர் அமெரிக்காவில் பயிற்சி முடித்துச் சில மாதங்களே ஆனவர்கள். மலைமேல், மேகத்துக்குள், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிய அனுபவம் அவர்களுக்குக் குறைவு. ஆனால் இருபது வருடம் ஓட்டிய ஆளே திணறக்கூடிய வழி அது. பிரம்மபுத்திரா சமவெளி கடல் மட்டத்திலிருந்து சில நூறு அடிதான். அங்கிருந்து கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் 15,000 அடிக்கு மேல் ஏறவேண்டும். பாட்காய் மலை, சின்ட்வின் ஆறு, ஐராவதி, சால்வீன், மீகாங் என்று ஒரு மலைத்தொடர், ஒரு பள்ளத்தாக்கு, மறுபடி மலை. மேற்கிலிருந்து மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டும் காற்று. போகும்போது அது பின்னாலிருந்து தள்ளும், திரும்பும்போது முகத்தில் அடித்து எரிபொருளைக் குடிக்கும். மலையில் மோதி மேலெழும் காற்றும் அந்தப் பக்கம் இறங்கும் காற்றும் சேர்ந்து விமானத்தைச் சில நிமிடங்களில் ஆயிரக்கணக்கான அடி தூக்கும், அப்படியே இறக்கும். மே முதல் அக்டோபர் வரை பருவமழை. குளிர்காலத்தில் இறக்கையில் பனி படியும். எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள ரேடியோ ஒலிபரப்பின் திசையை மட்டும்தான் நம்பவேண்டும், அந்த நிலையங்களும் சொற்பம்.

விமானங்களும் சரியில்லை. சி-47 நம்பகமானது, ஆனால் அந்த உயரத்துக்கு முழுச் சுமையோடு ஏறத் திணறும். அதைவிட இரண்டு மடங்கு சுமக்கும் சி-46 கமாண்டோ 1943இல் வந்தது. குறைகளைச் சரிசெய்து முடிக்கும் முன்பே அதை நேராக ஹம்ப்புக்கு அனுப்பிவிட்டார்கள். எரிபொருள் கசிவு, கார்புரேட்டரில் பனி உறைவது, நடுவானில் இன்ஜின் நின்றுபோவது என்று அதன் நோய்களையெல்லாம் மலைமேல் பறந்துதான் கண்டுபிடித்தார்கள். பெட்ரோல் டேங்கராக மாற்றப்பட்ட சி-109 இன்னும் மோசம். எப்போது வெடிக்குமோ என்று விமானிகள் அதன் பெயரோடு ‘பூம்’ சேர்த்தே கூப்பிட்டார்கள்.

என் கணக்கில் மனிதர்கள் செய்த பெரிய தப்பு ஒன்று உண்டு. 650 மணி நேரம் பறந்து முடித்தால் வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு விதி வைத்திருந்தார்கள். பையன்கள் சீக்கிரம் ஊர் போய்ச் சேர நாள் தவறாமல் பறந்து மணிக்கணக்கை ஏற்றினார்கள், களைத்துப்போய் விழுந்தார்கள். 1944 செப்டம்பரில் ஹம்ப் போக்குவரத்துக்குப் பொறுப்பேற்ற வில்லியம் டன்னர் அதை மாற்றி, 750 மணி நேரமும் ஒரு வருடப் பணியும் வேண்டும் என்றார். அவசரப்பட்டுப் பறந்து லாபமில்லை என்று ஆனது. பராமரிப்பையும் ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். சரக்கு பலமடங்கு ஏறியபோதும் விபத்து விகிதம் இறங்கியது. இதே ஆள்தான் பின்னாளில், தரை வழி அடைபட்ட பெர்லினுக்கு விமானத்தில் சாமான் கொண்டுபோன ‘பெர்லின் ஆகாயப் பாலத்தையும்’ நடத்தியவர். ஆனால் டன்னர் வந்த பிறகும் வானிலை அடங்கவில்லை. 1945 ஜனவரி 6ஆம் தேதி இரவு அடித்த புயல் ஒன்றில் மட்டும் பல விமானங்கள் போயின.

ஒரு விமானத்துல எத்தனை பேர் இருப்பாங்க? யார் அவங்க?

சரக்கு விமானம் என்றால் மூன்று நான்கு பேர்: விமானி, துணை விமானி, ரேடியோ ஆபரேட்டர், இன்ஜின் பார்த்துக்கொள்ள ஒருவர். பி-24 மாதிரி குண்டுவீச்சு விமானமானால் எட்டு முதல் பத்துப் பேர் வரை. பெரும்பாலோர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள். அமெரிக்கச் சின்ன ஊர்களில் பிறந்து, மலையையே பார்க்காமல் வளர்ந்தவர்களும் அவர்களில் உண்டு.

மேலே சொன்ன சீன தேசிய விமானக் கழகம் சீன அரசும் பான் அமெரிக்கன் நிறுவனமும் சேர்ந்து நடத்தியது. அதன் விமானங்களில் விமானி அமெரிக்கராகவும், துணை விமானியும் ரேடியோ ஆபரேட்டரும் சீனர்களாகவும் இருப்பது வழக்கம். அந்தச் சீனர்களைப் பற்றி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

பாராசூட்ல குதிச்சவங்க உயிரோட வந்தாங்களா?

வந்தார்கள். மேலே சொன்ன 1,200இல் கணிசமானவர்கள் அப்படி வந்தவர்கள்தான். அதில் நன்றாகப் பதிவான கதை 1943 ஆகஸ்ட் 2 அன்று நடந்தது. சபுவாவிலிருந்து கிளம்பிய சி-46 ஒன்றில் இடது இன்ஜின் போய்விட்டது. உள்ளே 21 பேர். அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு தெரிந்த வானொலிச் செய்தியாளர் எரிக் செவரைட், தூதரக அதிகாரி ஜான் பாட்டன் டேவிஸ், சீன ராணுவ அதிகாரிகள் எல்லாரும் அதில் இருந்தார்கள். பாட்காய் மலைக்கு மேலே குதித்தார்கள். துணை விமானி மட்டும் இறந்தார். மற்ற 20 பேரும் பிழைத்தார்கள்.

விழுந்த இடம் பாங்ஷா என்ற நாகா கிராமத்துப் பக்கம். தலை வெட்டும் வழக்கம் அப்போதும் இருந்த ஊர், 1936இல் பிரிட்டிஷ் படை தண்டிக்கப் போன ஊர். காயம்பட்டவர்களைப் பார்க்க ராணுவ மருத்துவர் டான் ஃப்ளிக்கிங்கர் இரண்டு உதவியாளர்களோடு தாமாகவே பாராசூட்டில் குதித்தார். கீழே வழியில்லை என்று தெரிந்தே குதித்தார். விமானத்திலிருந்து உணவும் துணியும் போட்டார்கள். மொகோக்சுங்கிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி பிலிப் ஆடம்ஸ் நாகா காவலர்களோடும் சுமைக்காரர்களோடும் நடந்து வந்து எல்லாரையும் அழைத்துப் போனார். வீடு சேரக் கிட்டத்தட்ட ஒரு மாதம் ஆனது.

அந்த வருடத்திலேயே தேடி மீட்பதற்கென்று சபுவாவில் தனிக் குழு அமைந்தது. ஜான் போர்ட்டர் என்ற விமானி தலைமை தாங்கினார். ‘பிளாக்கி’ என்பது அவர் செல்லப்பெயர், அதனால் குழுவும் ‘பிளாக்கியின் கும்பல்’ ஆனது. 1943 டிசம்பரில் தேடலுக்குப் போன இடத்தில் அவரே சுட்டு வீழ்த்தப்பட்டார்.

மலைவாசிகள் தலையை வெட்டிருவாங்கன்னு பயந்தாங்களாமே?

பயந்தார்கள், அதில் சந்தேகமில்லை. நடந்ததைப் பார்த்தால் பயத்துக்கு ஆதாரம் குறைவு. பாங்ஷாக்காரர்கள் முன்பின் தெரியாத இருபது பேருக்கு இடம் கொடுத்தார்கள். மற்ற இடங்களிலும் மிஷ்மி, ஆதி, லிசு, நாகா, பர்மா பக்கத்துக் காச்சின் மக்கள் என்று பலர் விழுந்தவர்களுக்குச் சோறு போட்டு, காட்டு வழி காட்டி, அஸ்ஸாம் எல்லைவரை கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். விமானிகள் சட்டைக்குள் ஒரு துணித் துண்டு வைத்திருப்பார்கள். சீனக் கொடி போட்டு, ‘இந்த வெளிநாட்டவர் போரில் உதவ வந்தவர், எல்லாரும் காப்பாற்றுங்கள்’ என்ற பொருளில் சீன மொழியில் எழுதியிருக்கும். ஆதி கிராமத்தில் அதைக் காட்டி என்ன பயன்? அங்கே உதவியது கிராமத்தாரின் நல்ல மனசுதான்.

விமானத்துல தங்கம் இருந்துச்சா? அதைத்தான் தேடுறாங்களா?

போன சாமானில் பெரும்பங்கு பெட்ரோல். அடுத்து வெடிகுண்டு, துப்பாக்கி ரவை, வண்டிப் பாகங்கள், மருந்து. சீன அரசின் கரன்சி நோட்டுகளும் கட்டுக்கட்டாகப் போயிருக்கின்றன, அது இன்று பழைய காகிதம். திரும்பி வரும்போது டங்ஸ்டன், தகரம், பிரஷ் செய்யப் பன்றி முடி, பயிற்சிக்காக இப்போதைய ஜார்கண்டில் உள்ள ராம்கர் முகாமுக்கு வந்த சீனச் சிப்பாய்கள். புதையல் ஆசையில் யாராவது போவதாக இருந்தால், அந்தச் செலவில் ஊரில் ஒரு பவுன் வாங்கிக்கொள்ளலாம்.

‘திரும்பி வராத ஏரி’ன்னு ஒண்ணு விமானங்களை விழுங்குதாமே? இந்தியாவோட பெர்முடா முக்கோணமாமே?

பாங்சாவ் கணவாய் அருகே, எல்லைக்கு அந்தப் பக்கம் மியான்மரில் அந்த ஏரி இருக்கிறது. சேதமான விமானங்கள் அதைப் புல்வெளி என்று நினைத்து இறங்கி மூழ்கின என்பது ஒரு கதை. வழி தவறிய சிப்பாய்கள் அங்கே மாண்டார்கள் என்பது இன்னொன்று. சுற்றுலாவுக்கு நன்றாக உதவும் கதைகள், அவ்வளவுதான். விமானம் விழ மர்ம சக்தி எதுவும் தேவையில்லை. மேலே வானிலையைப் பற்றிச் சொன்னதே போதும்.

80 வருஷமா ஏன் கண்டுபிடிக்கலை? சாட்டிலைட்ல தெரியாதா?

2019 ஜூன் 3 அன்று நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். நம் விமானப்படையின் ஏஎன்-32 ஜோர்ஹாட்டிலிருந்து மெச்சுகாவுக்கு 13 பேரோடு கிளம்பியது, சியாங் மலைகளில் காணாமல் போனது. ஹெலிகாப்டர், கடற்படையின் உளவு விமானம், இஸ்ரோ செயற்கைக்கோள் என்று எல்லாம் இறங்கின. கிளம்பிய ஊர் தெரியும், சேரும் ஊர் தெரியும், நேரம் தெரியும். அப்படியும் சிதைவு கண்ணில்பட எட்டு நாள் ஆனது. யாரும் பிழைக்கவில்லை.

1944இல் காணாமல் போனதற்கு இந்தத் தகவல் எதுவுமே கிடையாது. கடைசியாக ரேடியோவில் பேசிய இடம் என்று பதிவானதே பல நேரம் ஊகம்தான். மோதிய விமானம் முழுசாக இருக்காது, துண்டு துண்டாகச் சரிவில் சிதறியிருக்கும். மேலே மரக்கூரை, இன்னும் மேலே வருடத்தில் பல மாதம் பனி. அதோடு 1950 ஆகஸ்ட் 15 அன்று வந்த 8.6 அளவு நிலநடுக்கம் மிஷ்மி, ஆதி மலைகளில் சரிவு சரிவாக மண்ணை இறக்கியது. விழுந்த விமானங்களில் சில அந்த மண்ணுக்கடியில் போயிருக்கும் என்பது என் எண்ணம்.

இதுவரை கிடைத்தவற்றில் பலவற்றை முதலில் கண்டது வேட்டைக்கும் மூலிகைக்கும் போன கிராமத்தார்தான். 2019இல் கீழ் திபாங் மாவட்டத்தில் ராணுவ ரோந்துக் குழு ஒரு சிதைவை அடைந்ததும் ஊர்க்காரர் சொன்ன துப்பை வைத்துத்தான்.

கிடைச்சது எந்த விமானம்னு எப்படித் தெரியும்? எல்லாம் ஒரே தகரம்தானே?

வாலில் எண் எழுதியிருக்கும். அந்த விமானத்தை ஆர்டர் கொடுத்த நிதியாண்டின் கடைசி இலக்கத்தில் தொடங்கி எழுதுவது வழக்கம். 1942 ஆர்டர் என்றால் எண் 2 என்று தொடங்கும். வால் எரிந்துபோயிருந்தால் இன்ஜினில் பதித்த எண், துப்பாக்கியின் எண், கருவிகளில் அடித்த தகட்டு எண் என்று தேடவேண்டும்.

அதை ஒப்பிட ஆவணம் உண்டு. 1943 நடுவிலிருந்து, விமானம் திரும்பவில்லை என்றால் ‘காணாமல் போன விமானக்குழு அறிக்கை’ ஒன்றை எழுதிவிடுவார்கள். யார் யார் உள்ளே, வீட்டு முகவரி, இன்ஜின் எண்கள், ஆயுத எண்கள், அன்றைய வானிலை எல்லாம் அதில் இருக்கும். மலையில் கிடைத்த ஒரு தகட்டு எண் அந்த அறிக்கையோடு பொருந்திவிட்டால், அந்த உலோகக் குவியலுக்குப் பெயர்கள் வந்துவிடுகின்றன. இந்தத் தேடலில் எனக்குப் பிடித்த கட்டம் இதுதான்.

யாருடைய உடலாவது ஊர் போய்ச் சேர்ந்திருக்கா?

சேர்ந்திருக்கிறது. 1944 ஜனவரி 25 அன்று குன்மிங்கிலிருந்து சபுவாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பி-24 ஒன்று காணாமல் போனது. ‘ஹாட் ஆஸ் ஹெல்’ என்பது அதற்கு அந்தக் குழு வைத்த பெயர். உள்ளே எட்டுப் பேர். அரிசோனாவைச் சேர்ந்த கிளேட்டன் கூல்ஸ் என்பவர் தன் சொந்தச் செலவில் இந்தத் தேடலில் இறங்கியவர். அவரை 2006இல் மேல் சியாங்கின் தம்ரோ கிராமத்துக்கு மேலே உள்ளூர்க்காரர்கள் கூட்டிப்போய்க் காட்டினார்கள். அமெரிக்காவின் காணாமல் போனோர் கணக்கெடுப்பு அமைப்பு 2015 கடைசியில் அங்கே தோண்டியது. 2016 ஏப்ரலில் டெல்லியில் மரியாதை செய்து எச்சங்களை அனுப்பிவைத்தார்கள். மரபணுச் சோதனையில் ஒருவர் தெரிந்தார்: ஃபர்ஸ்ட் லெப்டினன்ட் ராபர்ட் ஆக்ஸ்ஃபோர்ட், இறந்தபோது 24 வயது. 2017 ஜூனில் ஜார்ஜியா மாநிலத்தின் கான்கார்ட் என்ற சின்ன ஊரில், சொந்த மண்ணில் அடக்கம் செய்தார்கள். பெற்றோர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

அதுவரை அவர் பெயர் மணிலாவில் உள்ள அமெரிக்கக் கல்லறையின் சுவரில் இருந்தது. இந்தப் போர்முனையில் காணாமல் போனவர்கள் பெயர்களும் அங்கேதான் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஒருவர் கிடைத்துவிட்டால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ரோஜா முத்திரை பதிப்பார்கள். இந்தியாவில் இன்னும் கிடைக்காத அமெரிக்கர்கள் சுமார் 400 பேர் என்பது அமெரிக்க அதிகாரிகள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு.

எல்லாத் தேடலும் இப்படி முடியாது. 1945 ஜனவரி முதல் வாரத்தில் 13 பேரோடு போன ஒரு சி-46ஐ, இறந்தவர் ஒருவரின் மகன் கேட்டுக்கொண்டதால் கூல்ஸ் குழு தேடியது. 2021 டிசம்பரில் பனி மூடிய மலையுச்சியில் கண்டுபிடித்தார்கள். வால் எண் பொருந்தியது, மனித எச்சம் எதுவும் கிடைக்கவில்லை. அந்தத் தேடலின் ஒரு கட்டத்தில் செப்டம்பர் பனிப்புயலில் மாட்டி, லிசு வழிகாட்டிகள் மூன்று பேர் குளிரில் விறைத்து இறந்தார்கள். செய்திகளில் அது ஒரு வரியில் முடிந்துபோனது. ஹம்ப் விமானங்களுக்காக இறந்தவர்கள் பட்டியல் 1945இல் முடியவில்லை என்று நான் சொல்வது அவர்களை வைத்துத்தான்.

இடையில இந்தியா தேடவே விடலையாமே, ஏன்?

2008, 2009 வாக்கில் அமெரிக்கக் குழு அருணாச்சல் வந்தது. அப்புறம் சில வருடம் வேலை நின்றுபோனது. சீனா உரிமை கொண்டாடும் எல்லைப் பகுதியில் அமெரிக்க ராணுவத்தோடு தொடர்புள்ள குழு நடமாடுவது டெல்லிக்குச் சங்கடம் என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. அந்த வருடங்களில் குடும்பத்தார் பலர் வயதாகி இறந்தார்கள். நம் அரசுக்கு எல்லைக் கவலை இருந்ததும் நியாயம்தான். இரண்டில் எது பெரிது என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. 2015இல் மறுபடி தொடங்கியது.

கிராமத்துக்காரங்க அலுமினியத்தை எடுத்துப் பாத்திரம் பண்ணிட்டாங்களாமே? அது தப்பில்லையா?

உப்புக்கே பல நாள் நடந்து சமவெளிக்கு இறங்கவேண்டிய காலம் அது. மலையில் விழுந்த உலோகத்தைத் தட்டிப் பானையும் கத்திப் பிடியும் செய்தார்கள். சொந்தக்காரன் யாரும் வந்து கேட்கவுமில்லை. நான் அதைத் தப்பு என்று சொல்லமாட்டேன். ஒரு விதத்தில் நல்லதும் கூட. எடுத்த வீடுகளுக்கு எங்கே எடுத்தது என்று நினைவிருந்தது, அந்த நினைவே பின்னால் வந்தவர்களுக்கு வழி காட்டியது.

இன்று நிலைமை வேறு. வால் எண் உள்ள தகட்டை ஒருவர் வீட்டு அலங்காரத்துக்குக் கழற்றிப் போனால், மேலே சொன்னபடி பெயர் கண்டுபிடிக்கும் வழி அடைபட்டுவிடும். பழைய இரும்புக்கு விற்பவர்களைவிட ஞாபகப்பொருள் சேர்ப்பவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.

இந்தியர் யாரும் இதுல இல்லையா? தமிழர்?

விமானதளங்களைக் கட்டியது யார் என்று பாருங்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களைக் கூட்டமாக அனுப்பி, கல் உடைத்து, கூடையில் சுமந்து ஓடுபாதை போட்டார்கள். அஸ்ஸாமின் லெடோவிலிருந்து சீனாவுக்குப் போட்ட சாலையிலும் அப்படித்தான். அந்தச் சாலையில் இறந்த அமெரிக்கர்கள் சுமார் 1,100 பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். கூடவே இறந்த உள்ளூர்த் தொழிலாளர்களுக்கு அப்படியொரு கணக்கு இல்லை.

தமிழர் தொடர்பு என்றால், 1942இல் பர்மாவிலிருந்து தப்பிவந்த இந்தியர்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அந்தக் கூட்டத்தில் தமிழர் ஏராளம். பெரும்பாலோர் அரக்கான் வழியாகவோ தமு வழியாக மணிப்பூருக்கோ நடந்தார்கள். வடக்கே போனவர்களில் சிலரை மிட்சினாவிலிருந்து தின்ஜானுக்கு விமானத்தில் ஏற்றி வந்தார்கள். மே மாதத் தொடக்கத்தில் ஜப்பான் குண்டு போட்டு அதை நிறுத்திய பிறகு, மிச்சமிருந்தவர்கள் மழையில் ஹுகாங் பள்ளத்தாக்கு வழியே பாட்காய் மலையை நடந்து தாண்டினார்கள். மேலே சரக்கு விமானம் பறந்த அதே மலை.

இதையெல்லாம் நேர்ல பார்க்க முடியுமா?

சிதைவு கிடக்கும் இடங்களுக்குச் சும்மா போய்வர முடியாது. பல நாள் நடை, ஆற்றைக் கடக்கவேண்டும், அட்டை, மழை, உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் உயிருக்கே ஆபத்து. சுலபமான வழி பாசிகாட்டில் இருக்கும் ‘ஹம்ப்’ அருங்காட்சியகம். 2023 நவம்பரில் திறந்தது. மலைகளிலிருந்து கொண்டுவந்த விமான உடல் பாகங்கள், ஆக்சிஜன் சிலிண்டர்கள், இயந்திரத் துப்பாக்கிகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. சீனப் பக்கம் யுன்னானின் பியென்மாவில், 1943 மார்ச்சில் விழுந்து 1990களில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு விமானத்தையே கீழே இறக்கிக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

அருணாச்சலுக்குள் நுழைய நமக்கும் இன்னர் லைன் பெர்மிட் வேண்டும், இணையத்திலேயே வாங்கிவிடலாம். வெளிநாட்டவர்களுக்குத் தனி அனுமதி. அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை போனால் சாலை இருக்கும். மழைக்காலத்தில் போய் மண்சரிவில் மாட்டிக்கொண்டு என்னைத் திட்டவேண்டாம்.

டிரெக்கிங் போறப்ப விமானப் பாகம் மாதிரி ஏதாவது கண்ணுல பட்டா என்ன செய்யணும்?

தொடாதீர்கள், எடுக்காதீர்கள். வெடிக்காத ரவையும் குண்டும் இருக்கலாம், 80 வருடம் ஆனாலும் அவற்றை நம்பமுடியாது. எலும்பு, காலணி, மோதிரம், கழுத்தில் தொங்கும் அடையாளத் தகடு எதுவாக இருந்தாலும் இருந்த இடத்திலேயே விடவேண்டும். எது எங்கே கிடந்தது என்பதே ஆய்வாளர்களுக்குப் பாதித் தகவல்.

எழுத்தோ எண்ணோ தெரிகிற பாகங்களைக் கிட்டத்திலும் தூரத்திலும் படம் எடுங்கள். கைபேசியில் இருப்பிடத்தைப் பதிந்துகொள்ளுங்கள். முதலில் கிராமத்துத் தலைவரிடம் சொல்லுங்கள், அங்கே அவரை காவ்ன் பூரா என்பார்கள். காடு அவர்களுடையது, அனேகமாக அவர்களுக்கு அந்த இடம் முன்பே தெரிந்திருக்கும். அப்புறம் காவல் நிலையத்துக்கோ துணை ஆணையர் அலுவலகத்துக்கோ தகவல் கொடுங்கள். இருப்பிடத்தோடு படத்தை இணையத்தில் போடுவதை மட்டும் தள்ளிவையுங்கள். மேலே சொன்ன ஞாபகப்பொருள்காரர்கள் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.